வீட்டுச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் அலைவாங்கல் குறைபாடுகள்

வீட்டுச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் அலைவாங்கல் குறைபாடு என்பது, செயற்கைக்கோளில் இருந்து நேரடியாக வீட்டுக்கு வரும் தொலைக்காட்சிக் குறிகை போதிய வலிமையுடனோ தூய்மையுடனோ கிடைக்காததால் படம் உறைதல், கட்டம் கட்டமாகச் சிதறுதல், ஒலி அறுபடுதல், சில அலைவரிசைகள் மட்டும் தெரியாமல் போதல், "சிக்னல் இல்லை" என்ற அறிவிப்பு தோன்றுதல் ஆகிய நிலைகளைக் குறிக்கும். மழை, டிஷ்ஷின் திசை விலகல், கேபிள் பழுது, பிற கம்பியில்லாக் கருவிகளின் குறுக்கீடு, செயற்கைக்கோளிலேயே ஏற்படும் பழுது ஆகியன இதற்குக் காரணமாகலாம். இவை ஒவ்வொன்றும் தனக்கே உரிய அறிகுறியைக் காட்டும். எனவே குறைபாடு எப்போது தோன்றுகிறது, எந்தெந்த அலைவரிசைகளைத் தாக்குகிறது, அண்டை வீடுகளிலும் உள்ளதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால், கருவி எதையும் கழற்றாமலேயே காரணத்தைப் பெரும்பாலும் அறியலாம்.

இக்கட்டுரையில் வரும் கோணங்களும் நேரங்களும் திருப்பூரின் வடபகுதியில் அவினாசி சாலையை ஒட்டியுள்ள அனுப்பர்பாளையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்கிடப்பட்டவை. பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற இவ்வூரைச் சுற்றிப் பனியன் தொழிற்கூடங்களும் நிறைந்துள்ளன. வீடும் பட்டறையும் ஒரே தெருவில் அமைந்த இத்தகைய பகுதிகளில் குறைபாட்டின் காரணம் குறித்துத் தவறான எண்ணங்கள் எளிதில் பரவுகின்றன.

பின்னணி

இந்தியாவில் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சி முதன்முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரையாகும். சைட் எனப்பட்ட இச்சோதனையில் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அப்போது ஊருக்கு ஒன்றாக வைக்கப்பட்ட அலைவாங்கிகள் கம்பிவலையால் ஆன சுமார் 3 மீட்டர் அகலக் கிண்ணங்களாக இருந்தன.

வீட்டுக்கு நேரடியாக வரும் டி.டி.எச். சேவை இந்தியாவில் 2003க்குப் பின்னரே பரவியது. 2004 திசம்பரில் தூர்தர்சன் கட்டணமில்லாச் சேவையைத் தொடங்கியது. டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய அச்சேவை பின்னர் டிடி ஃப்ரீ டிஷ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகை நிலையில் இருந்து இதனை ஒலிபரப்புகிறது. 2017 சூலையில் 32 அலைவரிசைகளுடன் தொடங்கப்பட்ட சுவயம் பிரபா கல்விச் சேவையும் இதே செயற்கைக்கோளைப் பயன்படுத்துகிறது. தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது மாணவர் பலருக்குத் தொலைக்காட்சியே வகுப்பறையாயிற்று. படம் உறைந்தால் பாடமும் நிற்கும் என்பதால், இக்குறைபாட்டைப் பொழுதுபோக்குச் சிக்கலாக மட்டும் கருத இயலாது.

குறிகை வரும் வழி

செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் புவியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் தரையில் இருந்து காண்போருக்கு வானில் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். ஆகவே டிஷ்ஷை ஒருமுறை சரியாகப் பொருத்தினால் போதுமானது. அனுப்பர்பாளையத்தில் இருந்து 93.5 பாகை செயற்கைக்கோளின் தொலைவு ஏறத்தாழ 36,200 கிலோமீட்டர் ஆகும். இத்தொலைவைக் கடந்து வரும் குறிகையில் 60 சென்டிமீட்டர் டிஷ் திரட்டுவது ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் ஓரிரு பங்கு மட்டுமே.

குறிகை கீழ்க்காணும் நிலைகளைக் கடந்து திரையை அடைகிறது.

1. டிஷ்: பரவளைய வடிவக் கிண்ணம். அலைகளை ஒரு குவியத்தில் சேர்க்கிறது.
2. எல்.என்.பி.: குவியத்தில் பொருத்தப்பட்ட சிறு கருவி. 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கே.யூ. பட்டை அலைகளைப் பெருக்கி, கேபிளில் செல்லத்தக்க 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றுகிறது.
3. ஓரச்சுக் கேபிள்: ஆர்.ஜி.-6 வகை, 75 ஓம். கீழே குறிகையையும் மேலே எல்.என்.பி.க்கான மின்சாரத்தையும் கொண்டு செல்கிறது.
4. செட்டாப் பாக்ஸ்: குறிகையைப் பிரித்துப் படமும் ஒலியுமாக மாற்றுகிறது.

செட்டாப் பாக்ஸ் கேபிள் வழியாக 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்து முனைவாக்க அலைகளையும், 18 வோல்ட் அனுப்பினால் கிடை முனைவாக்க அலைகளையும் தெரிவு செய்யும். 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்று பட்டையின் மேற்பாதியைத் தெரிவு செய்யப் பயன்படுகிறது. அலைவரிசைகளில் ஒரு பகுதி மட்டும் மறைவதன் காரணத்தை அறிய இவ்வமைப்பைத் தெரிந்திருத்தல் உதவும்.

இலக்கமுறைக் குறிகையின் விளிம்பு

பழைய தொடர்முறை ஒளிபரப்பில் குறிகை வலுவிழக்கும்போது திரையில் வெண்புள்ளிகள் சிறிது சிறிதாகப் பெருகும். இலக்கமுறையில் அவ்வாறு நிகழாது. பிழைதிருத்தும் குறியீடுகள் ஓர் அளவு வரை இழப்பை ஈடுசெய்வதால் படம் முழுத் தெளிவுடன் இருக்கும். அவ்வளவைத் தாண்டியதும் படம் கட்டங்களாகச் சிதறி, உடனே நின்றுவிடும். எனவே நேற்று வரை நன்றாக இருந்த படம் இன்று திடீரென நின்றால், பழுதும் இன்றுதான் ஏற்பட்டது எனக் கொள்ள இயலாது. டிஷ் பல மாதங்களாகச் சிறிது சிறிதாக விலகி விளிம்பை நெருங்கியிருக்கலாம்.

செட்டாப் பாக்ஸின் பட்டியலில் இரண்டு அளவுகள் காட்டப்படும். வலிமை என்பது கேபிளில் வந்து சேரும் மொத்த ஆற்றலைக் குறிக்கும். எல்.என்.பி. உண்டாக்கும் இரைச்சலும் இதில் அடங்கும். தரம் என்பது அவ்வாற்றலில் பயனுள்ள குறிகை எவ்வளவு என்பதைக் குறிக்கும். இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

* வலிமை மிகுதி, தரம் சுழி: கேபிளும் எல்.என்.பி.யும் இயங்குகின்றன. டிஷ்ஷின் திசை தவறு, அல்லது அது வேறொரு செயற்கைக்கோளை நோக்கியுள்ளது.
* வலிமையும் தரமும் சுழி: கேபிள் அறுந்துள்ளது, முனை இணைப்பு கழன்றுள்ளது, அல்லது எல்.என்.பி. பழுது.
* வலிமை மிகுதி, தரம் ஏறி இறங்குதல்: தளர்ந்த திருகு, ஈரம் புகுந்த இணைப்பு, அல்லது குறுக்கீடு.
* இரண்டும் ஒருசேரக் குறைதல்: மழை, மறைப்பு, நீண்ட கேபிள்.

டிஷ்ஷின் திசை

அனுப்பர்பாளையம் ஏறத்தாழ வடக்கு 11.1 பாகை அகலாங்கிலும் கிழக்கு 77.3 பாகை நெட்டாங்கிலும் அமைந்துள்ளது. இந்திய டி.டி.எச். சேவைகள் பயன்படுத்தும் சில செயற்கைக்கோள் நிலைகளுக்கு இவ்வூரில் இருந்து காணும் கோணங்கள் வருமாறு. திசைக்கோணம் வடக்கில் இருந்து கிழக்கு வழியாக அளக்கப்படுகிறது. ஏற்றக்கோணம் அடிவானத்தில் இருந்து அளக்கப்படுகிறது.

* கிழக்கு 83 பாகை நிலை: திசை 153 பாகை, ஏற்றம் 75 பாகை
* கிழக்கு 88 பாகை நிலை: திசை 136 பாகை, ஏற்றம் 72 பாகை
* கிழக்கு 93.5 பாகை நிலை: திசை 124 பாகை, ஏற்றம் 67 பாகை
* கிழக்கு 95 பாகை நிலை: திசை 121 பாகை, ஏற்றம் 66 பாகை
* கிழக்கு 108.2 பாகை நிலை: திசை 108 பாகை, ஏற்றம் 52 பாகை

இவை அனைத்தும் தென்கிழக்கு வானில் அமைந்தவை. ஆகவே வீட்டின் தென்கிழக்கில் எழும் புதிய மாடி, தண்ணீர்த் தொட்டி, வளர்ந்த தென்னை ஆகியன குறிகையை மறைக்கக்கூடும். மேற்கிலோ வடக்கிலோ எழும் கட்டடத்தால் மறைப்பு ஏற்படாது.

வீட்டு டிஷ்களின் குவியம் கிண்ணத்தின் நடுவில் அல்லாமல் கீழே தள்ளி அமைந்திருக்கும். இதனால் டிஷ் தான் நோக்கும் திசையைவிட 20 முதல் 25 பாகை தாழ்ந்து நிற்பது போலத் தோன்றும். இது பிழையன்று. தாங்கியின் பக்கத்தில் பொறிக்கப்பட்ட அளவுகோல் இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொண்டே அமைக்கப்படுவது வழக்கம்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் கற்றை அகலம் ஏறத்தாழ 3 பாகை மட்டுமே. நடுவில் இருந்து ஒன்றரை பாகை விலகினாலே குறிகையின் ஆற்றல் பாதியாகும். டிஷ்ஷின் விளிம்பில் ஒன்றரை பாகை என்பது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நகர்வாகும். காற்று, குரங்கு, துணி உலர்த்தும் கயிறு ஆகியவற்றில் எதுவும் இதனைச் செய்யவல்லது. பாலிஷ் பட்டறையின் தகரக்கூரையிலோ அதன் சுவரிலோ தாங்கியைப் பொருத்தினால் மோட்டார்களின் அதிர்வால் திருகுகள் நாளடைவில் தளரும். காந்த ஊசி இரும்புத் தகரத்தின் அருகில் தவறான திசையைக் காட்டும் என்பதால் திசையை அத்தகைய கூரையின் மேல் நின்று அளத்தல் கூடாது.

எல்.என்.பி.யைத் தன் அச்சில் திருப்பி வைப்பதும் இன்றியமையாதது. செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாததால் அதன் அலைகளின் முனைவாக்கம் சாய்ந்து வந்து சேரும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இச்சாய்வு பெரிதாகும். அனுப்பர்பாளையத்தில் 93.5 பாகை செயற்கைக்கோளுக்கு வடிவியல் கணக்கின்படி இது 55 பாகை அளவுக்கு வருகிறது. இத்திருப்பம் சரியாக அமையாவிடில் செங்குத்து, கிடை அலைகள் ஒன்றோடொன்று கலந்து, வலிமை நிறைந்திருந்தும் தரம் குறையும்.

மழையால் ஏற்படும் இழப்பு

கே.யூ. பட்டை அலைகளின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஆகும். பெரிய மழைத்துளிகள் இவ்வலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் பெய்யும் கனமழையில் 12 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு 2 டெசிபெல்லுக்குச் சற்று மேல் இழக்கிறது. மூன்று டெசிபெல் இழப்பு என்பது ஆற்றல் பாதியாவதற்குச் சமம். மழைக்குள் மூன்று கிலோமீட்டர் கடந்தால் குறிகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இழப்பு நிகழ்வது தலைக்கு மேலே அன்று, டிஷ் நோக்கும் திசையில். ஆதலால் வீட்டில் மழை தொடங்கும் முன்பே தென்கிழக்கில் திரண்ட மேகத்தால் படம் நிற்கலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போதே படம் திரும்பியும் வரலாம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரையிலும், கோடை இடிமழையின்போதும் இது மிகுதி.

கனமழையில் சில நிமிடங்கள் படம் நிற்பது இயல்பானது. ஆனால் தூறலுக்கே படம் நின்றால் டிஷ் ஏற்கெனவே விலகியுள்ளது எனக் கொள்ளலாம். வானம் தெளிந்த நாளில் தர அளவைக் குறித்து வைத்து, அதனை உயர்த்தும்படி டிஷ்ஷைச் சீர் செய்வதே இதற்குத் தீர்வு. 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் பரப்பு 2.25 மடங்காகி, 3.5 டெசிபெல் கூடுதல் இருப்புக் கிடைக்கும். மழை நின்று பல மணி நேரம் ஆகியும் படம் வராவிடில் காரணம் மழையன்று, இணைப்புகளில் புகுந்த நீராகும்.

கதிரவனால் ஏற்படும் இடையூறு

ஆண்டுக்கு இருமுறை, சமஇரவு நாட்களை ஒட்டி, கதிரவன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அப்போது கதிரவன் வெளியிடும் வானொலி இரைச்சல் குறிகையை மூழ்கடிக்கிறது. அனுப்பர்பாளையத்தில் 93.5 பாகை செயற்கைக்கோளுக்கு இது மார்ச்சு 15ஐ ஒட்டிய சில நாட்களில் முற்பகல் 11.15 மணியளவிலும், செப்டம்பர் 28ஐ ஒட்டிய சில நாட்களில் முற்பகல் 10.55 மணியளவிலும் நிகழும். பத்து நிமிடம் அளவுக்கு நீடித்துத் தானே சரியாகிவிடும். தெளிந்த வானில், பட்டப்பகலில், நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் படம் நிற்பது இதன் அறிகுறி. இதற்குப் பழுதுநீக்கம் எதுவும் தேவையில்லை.

இந்நிகழ்வை ஒரு கருவியாகவும் பயன்படுத்தலாம். அவ்வேளையில் கதிரவன் நிற்கும் இடமே செயற்கைக்கோள் உள்ள இடமாகும். அப்போது மரத்தின் நிழலோ சுவரின் நிழலோ டிஷ்ஷின் மேல் விழுந்தால் அந்த மரமோ சுவரோ குறிகையை மறைக்கிறது என்று பொருள். புதிய டிஷ்ஷுக்கு இடம் தேடுவோருக்கு இதைவிட எளிய சோதனை இல்லை.

கேபிளும் இணைப்புகளும்

மொட்டை மாடியில் வெயிலும் மழையும் படும் உறுப்புகளே முதலில் பழுதாகின்றன. எல்.என்.பி.யின் கீழுள்ள திருகு இணைப்பில் நீர் புகுந்தால் செம்பு பச்சை படர்ந்து அரிக்கும். கேபிளின் வலையுறைக்குள் புகுந்த நீர் நுண்துளை வழியாக வீட்டுக்குள் இருக்கும் முனை வரை இறங்கி வருவதும் உண்டு. இதனைத் தவிர்க்க, கேபிளை எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு நீர் சொட்ட வழி செய்வர். இணைப்பின் மேல் ரப்பர் உறையும் நீர்புகா நாடாவும் சுற்றப்படும்.

ஆர்.ஜி.-6 கேபிள் 100 மீட்டருக்கு 1,000 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல்லும், 2,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 30 டெசிபெல்லும் இழக்கிறது. 30 மீட்டருக்குள் இருந்தால் இது பொருட்படுத்தத்தக்கதன்று. செம்பு பூசிய எஃகு நடுக்கம்பி கொண்ட மலிவுக் கேபிள்களில் மின்தடை மிகுதியாதலால் நீண்ட தொலைவில் 18 வோல்ட் குறைந்து எல்.என்.பி.யை அடையும். அந்நிலையில் கிடை முனைவாக்க அலைவரிசைகள் அனைத்தும் ஒன்றாக மறையும். ஏறத்தாழப் பாதி அலைவரிசைகள் மட்டும் தெரியாமல் போவதன் முதற்காரணம் இதுவே.

எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்தால் உள்ளே நீரும் குளவிக்கூடும் சேரும். மூடி உடைந்த எல்.என்.பி.யை மாற்றுவதே நலம்.

வானொலி அலைக் குறுக்கீடு

விண்ணில் இருந்து வரும் 12 கிகாஹெர்ட்ஸ் அலையோடு வீட்டுக் கருவி எதுவும் பொதுவாக மோதுவதில்லை. குறுக்கீடு நிகழும் இடம் கேபிளாகும். கேபிளில் ஓடும் 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் செல்பேசிகளின் அதிர்வெண்களும் அடங்கியுள்ளன. எடுத்துக்காட்டாக, 11,590 மெகாஹெர்ட்ஸில் வரும் ஒரு குறிகையை எல்.என்.பி. தன் 9,750 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றியால் கழித்து 1,840 மெகாஹெர்ட்ஸாக மாற்றும். 1,800 பட்டையில் இயங்கும் செல்பேசிக் கோபுரங்களோ 1,805 முதல் 1,880 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்புகின்றன. கேபிளின் உறை முழுமையாக இருந்தால் இவை இரண்டும் ஒன்றையொன்று அறியா. முனையில் வலையுறை பிரிந்திருந்தால் அந்த இடைவெளியே ஓர் அலைவாங்கியாகிக் கோபுரத்தின் அலையை உள்ளே இழுக்கும்.

இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு செருமனியில் நிகழ்ந்தது. அங்கு 12,480 மெகாஹெர்ட்ஸில் வந்த சில முன்னணி அலைவரிசைகள் கேபிளில் 1,880 மெகாஹெர்ட்ஸாக மாறின. வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசிகளின் டெக்ட் முறை அங்கு 1,880 முதல் 1,900 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குவது. உறை சரியில்லாத கேபிள் உள்ள வீடுகளில் தொலைபேசியின் அருகே அந்த அலைவரிசைகள் மட்டும் சிதறின.

குறுக்கீட்டின் அடையாளம் இதுவே: மழை எல்லா அலைவரிசைகளையும் தாக்கும், குறுக்கீடு குறிப்பிட்ட சில அலைவரிசைகளை மட்டும் எல்லா வானிலையிலும் தாக்கும். தீர்வாக முனைகளைப் புதிதாக வெட்டி, அழுத்தி இறுக்கும் வகை இணைப்பிகளைப் பொருத்தலாம். இரட்டை அல்லது மூன்றடுக்கு உறை கொண்ட கேபிளுக்கு மாறலாம். கோபுரத்துக்கும் டிஷ்ஷுக்கும் இடையே வீட்டின் சுவர் வருமாறு இடம் மாற்றலாம்.

பனியன் கம்பெனிகளின் பின்னல் இயந்திரங்கள், வெல்டிங் கருவிகள், மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியன உண்டாக்கும் மின்னிரைச்சல் பெரும்பாலும் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழும், குறைந்த அளவில் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரையும் அமைகிறது. அது மத்திய அலை வானொலியைக் கெடுக்கும், கேபிள் தொலைக்காட்சியின் தாழ்ந்த அதிர்வெண் அலைவரிசைகளையும் தொடக்கூடும். டிஷ் வழி வரும் படத்தை அது கெடுப்பது அரிது. ஆகவே டி.டி.எச். படம் நின்றதற்கு அடுத்த வீட்டுத் தறியையோ பட்டறையையோ குறை கூறுமுன் கேபிள் முனையைச் சோதிக்க வேண்டும். பெரிய மோட்டார் தொடங்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து செட்டாப் பாக்ஸ் அணைந்து மீண்டும் தொடங்குவது வேறு சிக்கல். அது மின்வழங்கலைச் சார்ந்ததாகையால் தனி மின்னிணைப்பு அல்லது மின்னழுத்த நிலைப்படுத்தி கொண்டு சரிசெய்யப்படும்.

தகரக்கூரைத் தொழிற்கூடங்களில் செல்பேசிக் குறிகையைக் கூட்டுவதற்காகச் சிலர் பூஸ்டர் எனப்படும் மறுபரப்பிகளைப் பொருத்துவதுண்டு. உரிமமின்றி இவற்றை வைப்பது இந்தியாவில் சட்டத்துக்குப் புறம்பானது. இவை தாமே அலைவுற்று, சுற்றுவட்டாரத்தின் செல்பேசிச் சேவையையும் உறை பழுதான டிஷ் கேபிள்களையும் ஒருசேரக் கெடுக்கவல்லவை.

வை-ஃபை குறுக்கீடு

வை-ஃபை 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையிலும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் இயங்குகிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018இலும் உரிமம் தேவையற்றதாக அறிவிக்கப்பட்டன. இவை டிஷ் கேபிளின் பட்டைக்கு வெளியே இருப்பதால் வை-ஃபையால் டி.டி.எச். படம் கெடுவது அரிது. ஆயினும் இணையம் வழியாகவும் படம் காட்டும் செட்டாப் பாக்ஸ்கள் பரவியுள்ளதால் இரு குறைபாடுகளும் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. படம் கட்டங்களாகச் சிதறினால் டிஷ் வழியையும், திரையின் நடுவில் வட்டம் சுழன்றால் இணைய வழியையும் ஐயுற வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 13 தடங்கள் இருப்பினும் ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. நெருக்கமான தெருக்களில் அண்டை வீட்டாரின் திசைவிகள் இம்மூன்றையே பகிர்ந்துகொள்கின்றன. இதே பட்டையில் நுண்ணலை அடுப்பு, புளூடூத், கம்பியில்லாக் கண்காணிப்புக் கேமரா ஆகியனவும் இயங்குகின்றன. யூ.எஸ்.பி. 3.0 வன்தட்டுகளும் அவற்றின் கேபிள்களும் இப்பட்டையில் இரைச்சலை உமிழ்வதால் அவற்றைத் திசைவியின் அருகில் வைத்தல் கூடாது. இரும்புப் பீரோ, எவர்சில்வர் பாத்திர அடுக்கு, நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு, நீர்த்தொட்டி ஆகியன அலைகளைத் தடுக்கும் அல்லது எதிரொளிக்கும். திசைவியை இவற்றில் இருந்து விலக்கி உயரமான இடத்தில் வைப்பது, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறுவது, தொலைக்காட்சியைக் கேபிள் மூலம் திசைவியுடன் இணைப்பது ஆகியன தீர்வுகளாகும்.

கேபிள் தொலைக்காட்சியும் சி பட்டையும்

கேபிள் நடத்துநர்கள் பெரிய டிஷ்கள் மூலம் 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரையிலான சி பட்டையில் நிகழ்ச்சிகளைப் பெறுகின்றனர். இவ்வலைகளின் நீளம் மிகுதியாதலால் மழை இவற்றை அதிகம் பாதிப்பதில்லை. கனமழையில் டி.டி.எச். நின்றும் கேபிள் இயங்குவது இதனாலேயே. ஆனால் இந்தியாவில் 2022இல் ஐந்தாம் தலைமுறைச் செல்பேசிச் சேவைக்காக ஏலம் விடப்பட்ட 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை இதற்கு மிக அருகில் உள்ளது. கோபுரத்தின் அருகில் உள்ள சி பட்டை டிஷ்களுக்கு வடிகட்டி பொருத்த வேண்டிய தேவை எழக்கூடும். வீட்டின் கே.யூ. பட்டை டிஷ்ஷுக்கு இச்சிக்கல் இல்லை.

செயற்கைக்கோளில் பழுது: 2010 நிகழ்வு

பழுது எப்போதும் வீட்டில்தான் இருக்கும் என்பதற்கில்லை. 2007 மார்ச்சில் ஏவப்பட்டுக் கிழக்கு 93.5 பாகையில் இயங்கிய இன்சாட்-4பி செயற்கைக்கோளின் இரு சூரியத் தகடுகளுள் ஒன்றின் மின்வழங்கலில் 2010 சூலை 7 அன்று கோளாறு ஏற்பட்டது. அதன் விளைவாக அலைமாற்றிகளில் பாதியை அணைக்க நேர்ந்தது. அச்செயற்கைக்கோளைப் பயன்படுத்திவந்த சன் டைரக்ட் சேவையின் அலைவரிசைகள் பாதிக்கப்பட்டன. பின்னர் அந்நிறுவனம் கிழக்கு 91.5 பாகையில் உள்ள மீசாட்-3 செயற்கைக்கோளுக்குச் சேவையை மாற்றியது.

இரு நிலைகளுக்கும் இடையே வானில் 2 பாகைதான் வேறுபாடு. ஆயினும் 3 பாகைக் கற்றை கொண்ட டிஷ்ஷுக்கு அது நடுவில் இருந்து ஒன்றரை பாகைக்கும் அப்பால் விலகியதாகும். எனவே டிஷ்களைத் திருப்பி அமைக்க வேண்டியதாயிற்று. இத்தகைய வேளையில் புதிய செட்டாப் பாக்ஸோ கேபிளோ வாங்குவதால் பயனில்லை. ஒரே சேவையைப் பயன்படுத்தும் அண்டை வீட்டிலும் அதே அலைவரிசைகள் மறைந்துள்ளனவா எனக் கேட்பது, எதற்கும் செலவு செய்யுமுன் செய்ய வேண்டிய சோதனை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

கண்டறியும் வரிசை

செலவற்றதும் தீங்கற்றதுமான சோதனையை முதலிலும், கூரை மேல் ஏற வேண்டியதை இறுதியிலும் வைப்பது முறையாகும்.

1. அண்டை வீட்டில் அதே சேவை இயங்குகிறதா எனக் கேட்கவும். அங்கும் இல்லையெனில் காத்திருக்கவும்.
2. வானிலை, நாள், நேரம் ஆகியவற்றைக் குறிக்கவும். மழையோ கதிரவன் இடையூறோ எனில் தானே சரியாகும்.
3. கட்டணம் முடிந்துள்ளதா, தொலைக்காட்சி சரியான உள்ளீட்டில் உள்ளதா எனப் பார்க்கவும்.
4. செட்டாப் பாக்ஸை மின்சாரத்தில் இருந்து பிரித்து ஒரு நிமிடம் கழித்து இணைக்கவும்.
5. மறைந்தவை எல்லா அலைவரிசைகளுமா, பாதியா, ஓரிரண்டா எனப் பட்டியலிடவும்.
6. வலிமை, தரம் ஆகிய இரு அளவுகளையும் எழுதி வைக்கவும்.
7. மின்சாரத்தை நிறுத்திய பின் செட்டாப் பாக்ஸின் பின்புறக் கேபிள் முனையைக் கழற்றி, பச்சைப் படிவும் ஈரமும் உள்ளனவா எனப் பார்க்கவும். மெல்லிய வலைக்கம்பி ஒன்று நடுக்கம்பியைத் தொட்டாலும் குறுஞ்சுற்று ஏற்படும்.
8. இடையில் உள்ள பிரிப்பான், இணைப்பான் ஆகியவற்றை நீக்கி நேரடியாக இணைத்துப் பார்க்கவும். ஒரு பிரிப்பான் பாதிக்கு மேல் ஆற்றலைக் குறைக்கும்.
9. தரையில் நின்றவாறே டிஷ் அசைந்துள்ளதா, புதிய மறைப்பு எழுந்துள்ளதா என நோக்கவும்.
10. இவற்றிற்குப் பின்னரே டிஷ், எல்.என்.பி. ஆகியவற்றைத் தொட வேண்டும். டிஷ்ஷைத் திருப்புமுன் பழைய நிலையைத் தாங்கியில் கோடிட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் சிறிதளவே நகர்த்தி, தர அளவு மாறும் வரை சில நொடிகள் காத்திருக்க வேண்டும்.

இவ்வாறு எழுதி வைத்த பட்டியல், பழுதுநீக்குநரை அழைக்கும்போதும் பயன்படும். தரம் சுழியாகவும் வலிமை நிறைந்தும் உள்ளபோது புதிய செட்டாப் பாக்ஸ் தேவை என்று ஒருவர் கூறினால் அதனை ஏற்க வேண்டியதில்லை. சேவை நிறுவனத்துடன் தீராத பூசல்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

பாதுகாப்பு

அலைவாங்கல் குறைபாட்டால் உயிருக்குத் தீங்கில்லை. அதனைச் சரிசெய்யும் முயற்சியில் தீங்கு நேரலாம். நெருங்கிய தெருக்களில் மின்வாரியத்தின் உயர் அழுத்தக் கம்பிகள் மாடிச் சுவரை ஒட்டிச் செல்வதுண்டு. டிஷ் தாங்கிக் குழாயோ அலுமினிய ஏணியோ கேபிளோ அவற்றின் அருகில் செல்லலாகாது. கம்பியைத் தொடாமல் நெருங்கினாலே மின்சாரம் பாயக்கூடும். கல்நார்க் கூரைத் தகடுகள் ஆளின் எடையைத் தாங்கா. மழையிலும் இடியிலும் இருட்டிலும் மாடிக்குச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

டிஷ்ஷின் தாங்கியை நிலத்தொடுப்புச் செய்வது மின்னல் தீங்கைக் குறைக்கும். எனினும் நேரடி மின்னலை அது முழுமையாகத் தடுக்காது. இடிமேகம் திரளும்போதே செட்டாப் பாக்ஸின் மின்செருகியையும் டிஷ் கேபிளையும் கழற்றி வைப்பதும், இடி தொடங்கிய பின் அவற்றைத் தொடாதிருப்பதும் பாதுகாப்பான வழக்கங்களாகும்.